ட்ராக் இருக்குல்ல, ஆள் எதுக்கு?

ராக் இசை செத்துப்போய்விட்டதாம். மேலை நாட்டுப் பத்திரிகைக்காரர்கள் அதற்கு வருடக்கணக்காகக் கருமாதி நடத்திக்கொண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருவர் எழுந்து, 'இந்தத் தடவை நிஜமாகவே செத்துவிட்டது' என்று சத்தியம் செய்கிறார். நல்லது. அவர்களுக்காவது அழுவதற்கு ஆள் இருக்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஒப்பாரிக்கே ஆள் கிடைப்பதில்லை. எழவு வீட்டுப் பந்தலில் கறுப்புப் பெட்டி ஒன்றை நிறுத்தி, பென்டிரைவைச் செருகிவிடுகிறார்கள். எப்போதோ, எந்த ஊர் ஸ்டுடியோவிலோ, யாரோ ஒரு அம்மா, ஊர் பேர் தெரியாத ஒரு பொது அப்பாவுக்காக அழுத அழுகை, இங்கே பிறந்து இங்கே செத்த கிழவருக்காகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. நடுவில் கரண்டு போனால் துக்கமும் நின்றுபோகிறது.

செத்தது ராக் இல்லை ஐயா. கிடாரும் டிரம்ஸும் எங்கும் போய்விடவில்லை. கல்யாண மண்டபத்தில், பிரியாணிக் கடைத் திறப்பு விழாவில், கட்சிக் கூட்டத்தில், காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் செல்போனில் என்று முன்னைவிட அதிகமாகவே கேட்கின்றன. சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. வாசிக்கிற ஆளைத்தான் காணோம். ஆளைக் கழித்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்த வித்தையை அமெரிக்கக் கம்பெனிக்காரன் முதலில் கண்டுபிடித்தானா, எங்கள் ஊர் விழாக் குழுப் பொருளாளர் கண்டுபிடித்தாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். யார் முந்தியிருந்தாலும் இருவருக்கும் ஒரே மூளை.

பொருளாளரைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பங்குனி கடைசி. ஊர்ச் சாவடி. காப்புக் கட்ட இன்னும் சில நாள்தான் இருக்கிறது. நீல பிளாஸ்டிக் நாற்காலியில் பொருளாளர். மடியில் வரவு செலவு நோட்டு. வயது முப்பத்தைந்து இருக்கும். எதிரே நையாண்டி மேளத்துக்காரர் நிற்கிறார், அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து இந்த ஊர்த் தீச்சட்டிக்கு அவர்கள் செட்டுதான். பக்கத்தில் காலி நாற்காலிகள் நாலைந்து கிடக்கின்றன. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"என்னப்பா, போன வருசமே சொன்னேன்ல. இந்தத் தடவ கேரளாவுல இருந்து செண்டை சொல்லியாச்சுன்னு."

"செண்டை வரட்டுங்கய்யா. அது ஊர்வலத்துக்கு அழகுதான். தீச்சட்டி எடுக்கையில நம்ம மேளம் இருந்தாத்தானுங்களே சாமி வரும்."

"அதெல்லாம் வரும். சவுண்டு சர்வீஸ்காரன் உறுமி ட்ராக் வச்சிருக்கான். பக்கத்து ஊருல போட்டான், எட்டுப் பேருக்கு சாமி வந்துச்சு. ட்ராக் இருக்குல்ல, ஆள் எதுக்கு? டீச் செலவு கூட மிச்சம்."

மேளக்காரர் பதில் சொல்லவில்லை. அச்சாரம் வாங்க வந்த கை, துண்டைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கியது. பொருளாளருக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. கூப்பிட்டு ஒரு சலுகை சொன்னார்:

"வேணும்னா ஒண்ணு செய்யி. நீ மட்டும் தவுல மாட்டிக்கிட்டு முன்னால வந்து நில்லு. பாரம்பரியமா இருக்கும்னு வீடியோக்காரன் கேக்குறான். வாசிக்கல்லாம் வேண்டாம்."

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஆண்டிபட்டி தாண்டிக் கூடலூர் போகிற வரைக்கும் இடையிலுள்ள பல சாவடிகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. நான் ஒரு பேரைச் சொன்னால் மற்றவர்கள் தங்களை விட்டுவிட்டேன் என்று கோபித்துக்கொள்வார்கள்.

செண்டைக்காரர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரும் தோளில் பாரம் சுமந்து, கை காய்த்துப்போக அடிக்கிறவர். குமுளி வழியாக இறங்கி வந்து நாலு காசு பார்க்கிறார். என் கேள்வி நம்மைப் பற்றியது. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடியா 152 அடியா என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நின்ற வீரம் நமக்கு உண்டு. ஒரு அடித் தண்ணீரை விட மாட்டோம். மேளத்தை மட்டும் ஒரு மனு கூடப் போடாமல் விட்டுக்கொடுத்தோம். அதுவும் கேரளாவுக்கு விட்டுக்கொடுத்தோமா என்றால் அதுவும் இல்லை, பென்டிரைவுக்கு.

பாட்டுக் கச்சேரி போன கதையும் இதுதான். ஒரு காலத்தில் சின்னமனூரிலோ போடியிலோ கோயில் விசேஷத்துக்கு மெல்லிசைக் குழு வருகிறதென்றால் மேடை கொள்ளாமல் ஆள் இருக்கும். முதலில் வயலின்காரரை நிறுத்தினார்கள்: 'கீபோர்டுலயே வருதேப்பா.' அப்புறம் புல்லாங்குழல். தபேலாவும் டோலக்கும் ரிதம் பேடுக்குள் போய் ஒடுங்கின. பேஸ் கிடார் என்ன செய்கிறதென்றே தெரியவில்லை என்று அவரையும் அனுப்பினார்கள். லீடு கிடார்க்காரர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். 1982-இல் வந்த 'சகலகலா வல்லவன்' படத்துப் புத்தாண்டுப் பாட்டை அவர் இல்லாமல் பாட முடியாதே. பிறகு அதற்கும் மைனஸ் ட்ராக் வந்தது. இப்போது ஒரு லேப்டாப், ஒரு பாடகர், ஒரு பாடகி. கூட்டம் குறைந்தால் அந்த இருவரும் எதற்கு என்ற கேள்வி வரும். அதற்கான பதிலும் பொருளாளரின் நோட்டில் தயாராக இருக்கிறது.

லீடு கிடார் வாசித்தவரைத் தேடுகிறீர்களா? செல்போன் கடையில் இருப்பார். கண்ணாடித் தாளைக் குமிழி விழாமல் ஒட்டுவதற்கு அந்த விரல்கள் ரொம்பத் தோதானவையாம்.

இந்த அவமானம் வேறெந்த மாவட்டத்தில் நடந்தாலும் 'காலம் மாறுது' என்று சொல்லிக் கடந்து போயிருப்பேன். நடப்பது தேனி மாவட்டத்தில். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இங்கே இருக்கிறது. பாரதிராஜாவின் அல்லிநகரம் இருக்கிறது. வைரமுத்துவின் வடுகபட்டி இருக்கிறது. 1976-இல் 'அன்னக்கிளி'யும் 1977-இல் '16 வயதினிலே'யும் வந்ததிலிருந்து, தமிழ்நாட்டின் பாதிக் காதுகள் எங்கள் மண்ணுக்குக் கடன்பட்டவை என்று மீசை முறுக்கிக்கொண்டு திரிகிறோம். ராக் என்ற பெயர் தெரியாத டீக்கடை பெஞ்சுக்கு எலெக்ட்ரிக் கிடாரையும் பேஸ் கிடாரையும் டிரம்ஸையும் கொண்டுவந்து இறக்கியது சென்னையின் ஆங்கிலப் பள்ளிக்கூடப் பையன்கள் இல்லை, பண்ணைப்புரத்து ராசய்யா, நம் இளையராஜா. நெல்லுக் களத்தில் நின்றவர்களுக்கு அது மேல்நாட்டுச் சத்தம் என்றே தோன்றவில்லை. பக்கத்தில் உறுமி ஒலித்தது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலக் கேட்டன.

ராசய்யாவும் உடன்பிறந்தவர்களும் மதராஸுக்குப் போனதைப் பற்றி அவர்களே மேடைகளில் சொல்லியிருக்கும் ஒரு செய்தி உண்டு. வழிச் செலவுக்குக் காசில்லை. அம்மா சின்னத்தாய் வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, வந்த பணத்தை அப்படியே மகன்கள் கையில் கொடுத்தார். இதை நாம் கண்ணீர் விட்டுக் கேட்போம், கை தட்டுவோம், அன்னையர் தினத்தன்று வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அந்த அம்மா என்ன செய்தார் என்று மட்டும் யோசிக்க மாட்டோம். பாட்டுக் கேட்கும் பெட்டியை விற்று, வாசிக்கிற பிள்ளைகளை வழியனுப்பினார். நாம் வாசிக்கிறவர்களை வழியனுப்பிவிட்டுப் பெட்டி வாங்குகிறோம்.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1958-இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். போடியிலிருந்து மலை ஏறினால் தேவிகுளம். தேயிலைத் தோட்டங்கள் நிறையத் தமிழ்த் தொழிலாளிகள். கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாடப் போனவர் ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன். எஸ்டேட் லயத்தில் நின்று, கூலிக்காரர்களின் மொழியில், கூலிக்காரர்களின் மெட்டில் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்டு ஆட்சிக்கு வந்த நெருக்கடி தீர்ந்தது. உழைக்கிறவனுக்குக் கூலி கொடு என்று பாடத் தொடங்கிய இசை இது. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அதே ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டத்துறையைப் பார்த்தவர் வி.ஆர்.கிருஷ்ண ஐயர். பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். 1977-இல் ஒரு வழக்கு அவர் இருந்த அமர்வுக்கு வந்தது. சினிமாப் பாட்டு யாருக்குச் சொந்தம்? மெட்டுப் போட்டவருக்கா, எழுதியவருக்கா, படம் எடுத்தவருக்கா? 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்து, காசு போட்டுச் செய்யச் சொன்ன தயாரிப்பாளருக்குத்தான் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்போடு உடன்பட்ட கிருஷ்ண ஐயர் கடைசியில் தனியாக ஒரு குறிப்பு எழுதினார்: பாட்டுக்கு உயிர் கொடுக்கிற பாடகருக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே, நாடாளுமன்றம் இதைக் கவனிக்கக் கூடாதா என்கிற ஆதங்கம். நாடாளுமன்றம் முழுதாகக் கவனித்தது. அவசரப்படாமல், நிதானமாக, 35 வருடம் கழித்து. 2012 திருத்தத்தில்தான் எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிப் பிடுங்கிக்கொள்ள முடியாது என்று வந்தது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும்கூட ஏட்டில் ராயல்டி உரிமை வந்தது. ஏட்டுக்கும் தட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஏதாவது ஒரு வயலின்காரரைக் கேளுங்கள்.

அந்த 35 வருடத்தில் என்னென்ன வந்து போயின! ரிக்கார்டு போய் கேசட் வந்தது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டை வரிசையாக எழுதிக் கொடுத்தால், இரண்டு நாள் கழித்து டி.டி.கே. 90 கேசட்டில் பதிந்து தருவார்கள். அட்டையில் பாட்டின் முதல் அடியைக் கடைக்காரப் பையன் பச்சை மையில் அழகாக எழுதியிருப்பான். கேசட் கம்பெனிக்காரன் காசு பார்த்தான். திருட்டுக் கேசட் போட்டவன் காசு பார்த்தான். பச்சை மைப் பையனுக்கும் கூலி கிடைத்தது. டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், கிடார் வாசித்த சதானந்தம், கீபோர்டு விஜி மானுவல், பேஸ் சசிதரன், புல்லாங்குழல் நெப்போலியன் ஆகியோரின் பெயர் அந்த அட்டையிலும் இல்லை, கம்பெனி அச்சடித்த அட்டையிலும் இல்லை. கால்ஷீட்டுக்குக் கூலி வாங்கினார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் விரல் போட்ட முடிச்சுகள் இன்றும் எங்கள் பஸ்களில் ஓடுகின்றன. டிக்கெட்டுக்குக் காசு உண்டு.

இதில் நம் சட்டத்தின் கருணையையும் சொல்லியாக வேண்டும். கல்யாண ஊர்வலம், மத விழா போன்றவற்றில் பாட்டைப் பயன்படுத்த யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டாம் என்று அதே காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஏழைத் தவில்காரர் மாப்பிள்ளை அழைப்பில் ஒரு சினிமாப் பாட்டை வாசித்தால் அவர் மேல் வழக்கு வரக் கூடாது, நியாயம்தான். ஆனால் அதே விலக்கு பதிந்து வைத்த ஒலிக்கும் உண்டு. மனுஷனுக்குக் காட்டிய தயவை ஸ்பீக்கருக்கும் சமமாகக் காட்டியது சட்டம். மனுஷனுக்குச் சாப்பாடு போட வேண்டும், ஸ்பீக்கருக்கு வேண்டாம். ஊர்வலத்தில் யார் மிஞ்சுவார்கள் என்று கணக்குப் போட வக்கீல் தேவையில்லை.

இப்போது ராயல்டி சண்டைக்கு வருகிறேன். 2017-இல், அனுமதி இல்லாமல் தன் பாட்டைப் பாடக் கூடாது என்று ராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனது. நாடே குமுறியது. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்துக்கு நோட்டீஸ் போனது, மறுபடி குமுறியது. 'பாட்டு மக்கள் சொத்து' என்றார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் அப்படி முழங்கியவர்கள், முழக்கத்துக்குப் பின்னணியாக அதே பாட்டைப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊர் வியாபாரிகளும் சொன்னார்கள், 'ராஜாவுக்கு ஏன் இந்தப் பேராசை' என்று. போடி ஏலச் சந்தையில் ஏலக்காய் வாசம் தெரு முழுக்க அடிக்கிறது. வாசம் பொதுவானது என்பதற்காக எந்த வியாபாரியாவது மூட்டையை அவிழ்த்து ஊருக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறாரா? மூட்டைக்கு விலை கேட்டால் தொழில், மெட்டுக்கு விலை கேட்டால் பேராசை. இதே பாட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஆட்சி செய்யும் ஆடியோ கம்பெனிகளைப் பார்த்துப் பேராசை என்ற சொல்லை ஒருவரும் எறிந்து நான் கேட்டதில்லை. முதலாளி எடுத்தால் வருமானம். பண்ணைப்புரத்துக்காரன் கேட்டால் கொழுப்பு. இந்தக் கணக்கின் அடியில் கிடப்பது சங்கீத ரசனை என்றா நினைக்கிறீர்கள்?

ராஜாவிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பெரியவர் என்பதால் விட்டுவிட மாட்டேன். நீதிமன்றப் படிகளில் இத்தனை வருடமாக நடக்கும் இந்த வாதத்தில், கம்பெனி தன் பங்கைச் சொல்கிறது, தயாரிப்பாளர் தன் பங்கைச் சொல்கிறார், நீங்கள் உங்கள் பங்கைச் சொல்கிறீர்கள். வாசித்தவர்களின் பங்கை யாரும் சொல்லி என் காதில் விழவில்லை. கூலிக்காரர்களுக்காகப் பாடிய அண்ணனின் தம்பி அதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

சரி, கடல் கடந்தவர்கள் மட்டும் யோக்கியமா? கிடார் செய்வதற்கென்றே உலகப் பெயர் பெற்ற கிப்சன் கம்பெனி 2018-இல் திவால் மனு போட்டது. கடன் வாங்கிக் கண்ட கம்பெனிகளை வாங்கிப்போட்டதால் வந்த வினை அது; பத்திரிகைகள் 'கிடார் செத்தது' என்று எழுதின. முதலாளி செய்த தப்புக்கும் வாத்தியத்தின் மேல்தான் பழி. 2021-இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் மொத்தப் பாட்டையும் சோனிக்கு விற்றார். ஐம்பது கோடி டாலர் என்று செய்தி வந்தது. தொழிலாளியின் பாடகர் என்று பெயர் எடுத்தவர் அவர். பழைய பாட்டுக்கு இத்தனை விலை கொடுக்கிற கம்பெனி, புதிதாக நாலு பையன்கள் கிடாரோடு வந்தால் வாசலில் நிற்க வைக்கிறது. ஸ்பாட்டிஃபை 2024-இல் ஒரு விதி போட்டது: வருடத்துக்கு ஆயிரம் தடவைகூட ஓடாத பாட்டுக்குக் காசு கிடையாது. ஓடிய தடவைக்குள்ள சில்லறை எங்கே போகும்? நிறைய ஓடும் பாட்டுக்காரர்களுக்குப் போகும். எங்கள் பொருளாளர் டீச் செலவை மிச்சம் பிடித்ததும் இதுவும் ஒன்றேதான். அவருக்குச் சாவடி, இவர்களுக்குப் பங்குச் சந்தை.

முப்பது வினாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாக அங்கே கணக்கு. அதனால் பாட்டு எடுத்த எடுப்பில் வாசலிலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறது. முகப்பு இசை, இடையிசை எல்லாம் வீண் செலவு. ரீல்ஸுக்கு அதுகூட வேண்டாம். நாலு அடி வைத்து ஆடத் தோதான ஒரு துண்டு போதும். 1984-இல் 'வைதேகி காத்திருந்தாள்' வந்த சமயம், கம்பம் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் அந்தப் படத்துப் பாட்டு ஒன்று ஒலிக்கும்போதெல்லாம் காட்டிலிருந்து யானைகள் வந்து நின்று, பாட்டு முடிந்ததும் திரும்பிப் போகும் என்று ஒரு கதை இங்கே உலவுகிறது. நிஜமோ பொய்யோ, முழுப் பாட்டையும் கேட்ட யானைகள் அவை. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் தெருவுக்குள் வந்தபோது பாட்டு ஒன்றும் ஓடவில்லை. தடை உத்தரவு போட்டும் கேட்காமல் நாம்தான் செல்போனைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடினோம். யானை மாறவில்லை.

2025-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 'வெல்வெட் சன்டவுன்' என்று ஒரு ராக் குழு ஸ்பாட்டிஃபையில் முளைத்து, சில வாரத்தில் மாதத்துக்குப் பத்து லட்சம் பேர் கேட்கும் அளவுக்கு வளர்ந்தது. எழுபதுகளின் கிடார் வாசனை. படத்தில் நாலு பேர். விசாரித்தால் நாலு பேரும் பிறக்கவே இல்லை; எல்லாம் செயற்கை நுண்ணறிவு. செத்துப்போன ராக், ஆளே இல்லாமல் எழுந்து நடந்தது! சாகடித்தவர்களுக்கு உண்மையில் எது இடைஞ்சலாக இருந்தது என்று இப்போது தெரிகிறதா?

இங்கேயும் அது வந்துவிட்டது. 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் அவர்கள் மறைந்த பிறகு கணினியில் எழுப்பினார் ரஹ்மான். குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்டார், பணமும் கொடுத்தார். அதே வருடம் ஜனவரியில் இறந்து, எங்கள் லோயர் கேம்ப்பில் அடக்கமான ராஜாவின் மகள் பவதாரிணியின் குரல், செப்டம்பரில் வந்த படத்தில் தம்பி யுவனின் பாட்டில் ஒலித்தது. அது அந்தக் குடும்பத்தின் துக்கம், அவர்கள் உரிமை. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. செத்தவர் குரலுக்கே சம்மதம் கேட்கிறார்கள் என்றால் நல்ல வழக்கம்தான். உயிரோடு இருக்கும் தவில்காரரின் அடியை வெட்டி எடுத்து, 'லூப்' என்று பெயர் வைத்து, கீபோர்டுக்குள் அடைத்து ஊர் ஊராக விற்றார்களே, அதற்கு எவர் வீட்டு வாசலில் போய் எவன் சம்மதம் கேட்டான்? கேட்கத் தேவையில்லை. அவர் பெயர்தான் எந்த அட்டையிலும் இல்லையே.

உடனே ஒரு குரல் வரும்: 'அவங்க புள்ளைகளே மேளம் பிடிக்க வர மாட்டேங்குதுக. நாங்க என்ன செய்ய?' வர வேண்டாம். ஒரு பையன் தவிலைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போலீஸ் வேலைக்கோ பொறியியல் படிப்புக்கோ போனால், அதைவிட நல்ல செய்தி அந்தத் தெருவுக்கு வேறில்லை. பிறந்த பிறப்பைச் சொல்லிக் கழுத்தில் மாட்டிய மேளத்தைக் கழற்றி எறிவது அவன் உரிமை. ஆனால் அவன் எதை விட்டு ஓடினான் என்று பொய் சொல்லாதீர்கள். தாளத்தை விட்டு ஓடவில்லை. அப்பா நிற்க, அவர் மகன் வயதுக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து 'வாப்பா, போப்பா' என்று பேசியதைப் பார்த்து ஓடினான். சாமிக்கு முன்னால் வாசித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பந்தலுக்கு வெளியே காத்திருந்ததைப் பார்த்து ஓடினான். ட்ராக் ஒரு வகையில் அவனுக்கு விடுதலை. நமக்கு என்ன கேடு என்றால், மரியாதை கொடுத்துக் கூலியும் கொடுத்து ஒருவரைக் கூப்பிடும் வழக்கம் வந்துவிடுமோ என்கிற பயம். அந்தப் பயத்தைத்தான் பென்டிரைவ் தீர்த்து வைத்தது.

சென்னையில் நிலைமை வேறு. பொங்கல் வந்தால் பூங்காக்களில் பறையும் கரகமும். தலைவர்கள் ஒரு நிமிடம் பறையை வாங்கித் தட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். கங்கை அமரனின் 'கரகாட்டக்காரன்' 1989-இல் வெளிவந்து மதுரையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. கரகத்தைத் திரையில் ஒரு வருடம் பார்த்த அதே வட்டாரத்தில், ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு விழாக் குழுக்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வரிசையில் நிற்கின்றன. ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வரும். எல்லாம் சரியே. மேடையில் நிற்கிறவருக்குப் பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே விழாக் குழுவுக்கு என் தாழ்மையான யோசனைகள். சாமியையும் ட்ராக்கில் வைத்துவிடுங்கள். தேர் இழுக்கும் செலவு மிச்சம். தீச்சட்டியை எல்.ஈ.டி.யில் ஏற்றுங்கள், கை சுடாது. அன்னதானத்தைப் படமாகத் திரையில் போடுங்கள். வரி கொடுக்கும் மக்களும் வர வேண்டாம், கூட்டம் போட்ட இரைச்சலைப் பதிந்து வைத்திருக்கிறான் சவுண்டு சர்வீஸ்காரன். கடைசியில் நோட்டோடு நீங்கள் ஒருவர் மட்டும் நாற்காலியில் மிஞ்சுவீர்கள். அதற்கும் ஒரு ஆப் வந்துவிட்டதாகக் கேள்வி.

இதெல்லாம் சம்மதம் இல்லையென்றால் வழி ரொம்ப எளிது. வரும் சித்திரையில் அழைப்பிதழ் அடிக்கும்போது, உபயதாரர் பெயருக்கு மேலே, வாசிக்க வருகிறவர்கள் அத்தனை பேரின் பெயரையும் அடியுங்கள். காப்புக் கட்டுவதற்கு முன்னால் பாதிப் பணம், சாமி இறங்குவதற்கு முன்னால் மீதிப் பணம். உட்கார நாற்காலி. சாப்பாட்டுக்கு உங்கள் பந்தி. டிரம்ஸும் கிடாரும் வாசிக்கத் தெரிந்த பையன்கள் ஊருக்கு நாலு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நாள் மேடையை அவர்களுக்குக் கொடுங்கள், ட்ராக்கைப் பூட்டி வையுங்கள். தப்பும் தவறுமாக வாசிக்கட்டும். ராக் என்று உலகம் கொண்டாடியதெல்லாம் அப்படித் தப்பும் தவறுமாக நாலு பேர் சேர்ந்து தட்டியதில் பிறந்ததுதான்.

அதுவும் முடியாதென்றால் ஒன்று செய்யுங்கள். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றிய அன்று நாம் கட்டினோமே ஃப்ளெக்ஸ், 'எங்கள் மண்ணின் மைந்தன்' என்று? அந்த மேடையில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் சம்பளம். ட்ராக் போட்டுவிட்டு யாரும் கை வீசவில்லை. தவிலை மாட்டிக்கொண்டு சும்மா நில் என்று ஒரு கிழவரிடம் சொல்லும் ஊருக்கு அந்தப் பெருமையில் பங்கு கிடையாது. ஃப்ளெக்ஸைக் கழற்றுங்கள்.